ஏழு கையெழுத்தும் ஒரு கிழமையும்

நாடாளுமன்றம் செய்யப்போகும் சட்டம் ஒன்றை மறித்துக் கேட்பதற்கு, எழுபத்தெட்டாம் ஆண்டு அரசியலமைப்பு சாதாரண குடிமகனுக்கு ஒரு கிழமை தருகிறது. சட்டமூலம் நாடாளுமன்றத்தின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளிலிருந்து ஏழு நாள். அதற்குள் கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். அந்தக் கிழமை கழிந்தால் கழிந்ததுதான். சட்டம் நிறைவேறி, சபாநாயகர் தன் சான்றை எழுதிக் கையொப்பமிட்ட பிறகு, அது அரசியலமைப்புக்குச் சரியா பிழையா என்று நாட்டின் எந்த நீதிமன்றமும் வாய் திறக்க முடியாது. நான் இதைக் காதால் கேட்டு எழுதவில்லை. உரிய உறுப்புரைகளை வரிவரியாக வாசித்திருக்கிறேன்.

நான் எங்கள் ஊர்த் தபால் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தேன். எந்தப் பை எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கட்டப்பட்டது என்று எழுதி எழுதிப் பழகிய கை, வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நடந்ததை மணி போட்டு நாட்குறிப்பில் எழுதினேன். கையெழுத்து ஒழுங்காக இருந்ததால் பள்ளிவாசல் நிர்வாக சபையும் என்னைச் செயலாளராக்கியது. இங்கே எழுதுவது அந்த நாட்குறிப்பிலிருந்து எடுத்தது. திகதிகளை விட்டுவிட்டு நாட்களையும் மணிகளையும் மட்டும் எடுக்கிறேன். பெயர்களும் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அதே தெருக்களில்தான் இருக்கிறார்கள்.

என் ராத்தாவுக்கு, அதாவது மூத்த சகோதரிக்கு, வீரமுனைக்கு மேற்கே அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த மூன்று ஏக்கர் பேர்மிட் வயல் இருந்தது. மச்சான் காடு வெட்டி, வேர் பிடுங்கி, வரம்பு கட்டி உண்டாக்கிய காணி. அவர் மௌத்தான பிறகு பேர்மிட் ராத்தாவின் பெயருக்கு மாறியது. அந்த வயலை நம்பித்தான் அவளுடைய இரண்டு மகள்மாரின் வாழ்வு இருந்தது. எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவார். வந்து அந்த வீட்டிலேயே இருப்பார். வீடு இல்லாத பெண்ணை யாரும் கேட்டு வருவதில்லை. மூத்தவளுக்கு வளவில் அத்திவாரம் போட்டு முழங்கால் உயரத்துக்குச் சுவரும் எழும்பியிருந்தது. மிச்சச் சுவரை வயல்தான் எழுப்ப வேண்டும்.

அந்த நேரத்தில் ஒரு திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த வயற்கண்டத்துப் பேர்மிட்டுகள் எல்லாம் ரத்து, காணி வேறொரு திட்டத்துக்கு வேண்டும் என்றிருந்தது. விசாரணை இல்லை, காரணம் இல்லை. எங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த இன்னும் பல குடும்பங்களுக்கும் அதே கடிதம். ராத்தா பயந்து ஓடவில்லை. கல்முனையில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து வழக்குப் போட்டாள். அவர் காரைதீவுப் பக்கத்துத் தமிழர். அதிகம் கதைக்க மாட்டார், ஆனால் தவணை தவற மாட்டார். தடை உத்தரவு கிடைத்தது. சாட்சிக் கூண்டில் ஏறிய அதிகாரியால் ரத்துச் செய்ததற்கு ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. அடுத்த தவணையில் தீர்ப்பு. வெல்லப் போகிறோம் என்று சட்டத்தரணி சொல்லாத குறை.

இது எண்பதாம் ஆண்டு ஜூலை வேலைநிறுத்தத்துக்கு அடுத்த பெரும்போக அறுவடைக் காலம். வேலைநிறுத்தம் செய்த அரச ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்து வீட்டில் இருந்தார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்பது பிறகு விளங்கும்.

புதன்கிழமை, பின்னேரம் 5.15. சட்டத்தரணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் அன்று பகல் வந்த அரசாங்க வர்த்தமானியின் தமிழ்ப் பிரதி கிடந்தது. அந்தப் பையைப் பிரித்தவன் நான்தான். பை பிந்தவில்லை. மட்டக்களப்பு ரயிலில் வந்து, தபால் வேனில் ஏறி, சரியான நேரத்துக்கு வந்தது. கொழும்பில் தமிழ்ப் பிரதி அச்சாகி வெளியே வருவதற்கு எவ்வளவு நாளாகிறது என்பது எங்கள் கந்தோரின் கையில் இல்லை.

அவர் அதில் இருந்த சட்டமூலத்தின் ஒரு பந்தியில் விரலை வைத்தார். இதுவரை செய்யப்பட்ட ரத்துகள் எல்லாம் சட்டப்படி செய்யப்பட்டனவாகவே கொள்ளப்படும். அவை பற்றி எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. நிலுவையிலுள்ள வழக்குகள் அத்தோடு முடிவடையும்.

“இது எங்கட வழக்கையா சொல்லுது?” என்று கேட்டேன்.

“உங்கட வழக்கத்தான். கோர்ட்டில தோக்கப் போறம் எண்டு அவங்களுக்கு விளங்கீட்டு. அதால கோர்ட்டையே மூடுறாங்க.”

“நாடாளுமன்றம் அப்பிடிச் செய்யலாமா?”

“செய்யலாமா எண்டு கேக்கத்தான் ஒரு கிழமை தந்திருக்கு. கொழும்புக்கு ட்ரங் கோல் போட்டுக் கேட்டன். நேத்துச் செவ்வாய் ஒழுங்குப் பத்திரத்தில ஏறீட்டு. வாற செவ்வாய் பின்னேரம் கந்தோர் மூடமுதல் மனு அங்க இருக்க வேணும்.”

“கேட்டா மறிப்பாங்களா?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “பிழையெண்டு நீதிமன்றம் சொன்னாலும், மூண்டில ரெண்டு பங்கு ஆக்கள் கைதூக்கினா நிறைவேத்தலாம். அவங்களிட்ட ஆறில அஞ்சு இருக்கு. வேலி இருக்குத்தான். ஏறிக் கடக்கிற கடப்பு அவங்கட பக்கம்.”

“அப்ப என்னத்துக்கு இந்த மனு?”

“மூண்டில ரெண்டு வேணுமெண்டா, அவங்க சபைக்கு வந்து இருக்க வேணும். எண்ண வேணும். அரசியலமைப்புக்கு மாறாத்தான் செய்யிறம் எண்டு எல்லாருக்கும் தெரியக் கைதூக்க வேணும். சில பேருக்குக் கை பாரமாகும். அதோட, நாளும் இழுபடும். அதுக்குள்ள எங்கட தீர்ப்பு வந்தாலும் வரும்.” பிறகு சொன்னார்: “ஆர் வேணுமெண்டாலும் போடலாம். இந்த நாட்டுக் குடிமகன் ஒராள் காணும். உங்கட ராத்தாவே காணும். பள்ளிவாசலும் சேர்ந்தா இன்னும் நல்லம். ஆனா நாளைப் பாத்துக் கொள்ளுங்க.”

ஒராள் காணும். ஒருவர் போதும் என்று நாட்குறிப்பில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். மணி 5.50.

வியாழன் முழுக்க அவர் மனுவை எழுதித் தட்டச்சுச் செய்வித்தார். இரண்டு பிரதிகள். ஒன்று நீதிமன்றத்துக்கு, மற்றது சபாநாயகருக்கு. கையெழுத்துக்கு இடம் விட்டுத் தந்தார். திங்கள் பின்னேரம் மூன்று மணி பஸ்ஸில் அவருடைய உதவியாளர் மட்டக்களப்புக்குப் போய், இரவு ரயிலைப் பிடித்தால் செவ்வாய் காலை கொழும்பு. அங்கே அவருக்குத் தெரிந்த ஒருவர் மனுவைப் பதிவு செய்வார். எல்லாம் கணக்காக இருந்தது. இந்தக் கணக்கில் ஒன்றை மட்டும் நான் சேர்க்கவில்லை. எங்களை.

எங்கள் பள்ளிவாசலில் ஏழு குடிகள். ஒவ்வொரு குடிக்கும் தலைவராக ஒரு மரைக்கார். ஊருக்குப் பொதுவான எந்தக் கடதாசியானாலும் ஏழு மரைக்கார்மாரும் வரிசைப்படி கையெழுத்து வைக்க வேண்டும். முதலாம் குடி முதல் வரியில், இரண்டாம் குடி அடுத்த வரியில். ஒருவர் இல்லாமல் மற்றவர்கள் வைப்பதில்லை. இதைக் கேலி செய்து எழுதவில்லை. இந்த வழக்கம் எத்தனையோ சண்டைகளை மறித்திருக்கிறது. ஏழு பேரில் ஒருவர் சம்மதிக்காவிட்டால் காரியம் நடக்காது என்பது ஒரு கட்டுப்பாடு. நாடாளுமன்றத்துக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, 1.35. பள்ளிவாசல் கந்தோரில் மனுவைத் தமிழில் சொல்லி விளங்கப்படுத்தினேன். ஆறு மரைக்கார்மார் இருந்தார்கள். எல்லோருக்கும் நல்ல கோபம் வந்தது. சந்தோஷப்பட்டேன். கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த இரண்டாம் குடி மரைக்கார் பேனையைக் கையில் எடுத்துவிட்டு நிறுத்தினார்.

“செக்கட்டரி, மேல வெறுமையாக் கிடக்கே.”

“முதலாம் குடி மரைக்கார் வயல்ல, நெல்லுச் சூடடிப்பில நிக்கிறார் ஹாஜியார். அவர்ட இடத்த விட்டுப்போட்டு நீங்க வைங்க. நான் கொண்டுபோய் வாங்கிக்கிறன்.”

“அவர் வெக்காம நான் வெச்சா, தலைக்கு மேல ஏறப் பாக்கிறான் எண்டு ஊர் சொல்லும். எனக்கென்னத்துக்கு அந்தக் கதை? அவர் வெக்கட்டும். அடுத்த நிமிஷம் நான் வெக்கிறன்.”

பேனையை மூடி வைத்தார். அதற்குள் மூன்றாம் வரி யாருக்கு என்று மற்ற இருவர் தொடங்கிவிட்டார்கள்.

“மூண்டாவது நாங்க.”

“எப்ப இருந்து?”

“ஒங்கட வாப்பாட காலத்தில இருந்து.”

“எங்கட வாப்பா மௌத்தான அண்டைக்கு, சந்தூக்குத் தூக்கத் தோள் குடுக்க நாலாவது ஆளாத்தானே வந்த நீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி சிரிப்போடு போகவில்லை. அஸர் தொழுகை வரைக்கும் இழுபட்டது.

நான் ஒரு தடவை சொன்னேன்: “சட்டத்தில ஒராள் காணும். வழக்குக்காரி எங்கட ராத்தாதானே. அவட கையெழுத்த வாங்கி முதல்ல அனுப்புவம். இது பிறகு போகட்டும்.”

ஐந்தாம் குடி மரைக்கார் என்னை உற்றுப் பார்த்தார். நல்ல மனிதர். மச்சானின் ஜனாஸாவுக்குப் பிறகு மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறு அனுப்பியவர்.

“என்ன செக்கட்டரி கதைக்கிறீங்க? ஒரு கைம்பொண்டாட்டிய அரசாங்கத்தோட மல்லுக்கட்ட விட்டுப்போட்டு நாம பாத்துக்கிட்டு இரிக்கிறதா? நாம ஏழு பேரும் மௌத்தாப் போனமா?”

அதற்குப் பிறகு யார் என்ன சொல்வது? எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். கூட்டக் குறிப்பில் ‘ஏகமனதாக’ என்று என் கையால் எழுதினேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குடி என்பது எங்களுக்குத் தாய்வழி வருவது. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. நான் என்ன குடி என்று கேட்டால் என் வாப்பாவின் பெயர் உதவாது. அந்த ஏழு மரைக்கார்மாரும் மரைக்கார்மாரானது அவர்களைப் பெற்ற பெண்களின் வழியாக. வீடு பெண்ணுக்கு, வளவு பெண்ணுக்கு, குடி பெண்ணால். கையெழுத்து மட்டும் ஆணுக்கு. இந்த ஒழுங்கை யார் எங்களுக்கு எழுதித் தந்தது? எந்த அரசியலமைப்பிலும் இல்லை. நாங்களே செய்துகொண்டது.

சனிக்கிழமை காலை கடதாசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனேன். நற்பிட்டிமுனை தாண்டி, வாய்க்கால் கட்டோடு ஒன்றரை மணித்தியாலம். முதலாம் குடி மரைக்காரின் களத்தில் உழவு இயந்திரம் கதிர்ச் சூட்டை மிதித்துக்கொண்டிருந்தது. அவர் வைக்கோல் தூசியோடு என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

“அவடத்தயே நில்லுங்க மகன். களத்துக்குள்ள கடதாசி பேனை கொண்டுவரப்படாது. எண்ணி எழுதப் போறானெண்டு நெல்லுட வறக்கத்து, பெருக்கமெல்லாம் ஓடிரும்.”

“அப்ப நீங்க ஒரு எட்டு வெளிய வாங்களன், மாமா. ஒரு கையெழுத்துத்தான்.”

“குவிச்ச பொலி அளக்காம களத்த விட்டு இறங்கக் கூடாதெண்டு தெரியாதா ஒங்களுக்கு? ஒரு எட்டும் ஒண்டுதான், ஒரு கட்டைத் தூரமும் ஒண்டுதான். தபால் கந்தோர்ல இருந்து எல்லாம் மறந்திட்டீங்க.” களத்துக்குள் நின்றபடியே மனுவைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஒரு சொல் விடாமல் கேட்டார். “ஹராங்குட்டிகள்! வழக்குப் பேசி வெல்ல ஏலாதவனெல்லாம் சட்டம் செய்யிறானா? வாறன் மகன். நாளைக்குப் பகல் லுஹருக்குள்ள அளந்து முடியும். நேரே பள்ளிக்கு வாறன். மொத கையெழுத்து எண்டது சும்மாவா?”

பிளேன்டீ தரச் சொல்லி அனுப்பினார். குடித்துவிட்டு வந்தேன். இன்றைக்கும் அந்தத் தேநீரை நினைத்தால் எரிகிறது. களத்தின் ஓரத்துக்கும் அவருக்கும் இடையில் பத்து முழம் இருந்திருக்காது.

ஞாயிறு காலை 10.40க்கு மழை. மாசி மழை அப்படி வருவது புதினமல்ல. பொலியைப் படங்கு விரித்து மூடிவிட்டார்கள். அது காய்ந்து, தூற்றி, அளந்து முடியும்வரை அவர் இறங்க மாட்டார். வயலிலிருந்து வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்: “திங்கள் வாறாராம்.”

திங்கள், 1.20. அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் கந்தோரில் இருந்தேன். ஆறு பேரும் வந்திருந்தார்கள். வெளியே வெயில் நன்றாக எறித்தது. பொலி காய்ந்துகொண்டிருக்கும். 1.45க்குச் சட்டத்தரணியின் உதவியாளர் வந்து வாசலில் எட்டிப் பார்த்தார். “மூண்டு மணி பஸ் அண்ணன். நான் பஸ் ஸ்ராண்டில நிக்கிறன். வெச்சது வெச்சபடி தாங்க. ஒண்டெண்டாலும் காணும் எண்டு ஐயா சொல்லச் சொன்னவர்.”

நான் மரைக்கார்மாரைப் பார்த்தேன். இரண்டாம் குடி மரைக்கார் வெளியே பார்த்தார். “வந்திருவார். வாற நேரந்தான்.”

2.10. சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நிமிடத்தைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ராத்தாவின் வீட்டுக்குச் சைக்கிளில் எட்டு நிமிடம். சபாநாயகருக்கான பிரதியும் நீதிமன்றத்துக்கான பிரதியும் என் கையில். அவள் இரண்டிலும் கையெழுத்து வைக்க இரண்டு நிமிடம். அங்கிருந்து பஸ் ஸ்ராண்டுக்குப் பத்து நிமிடம். 2.30க்குள் எல்லாம் முடிந்துவிடும். கணக்கை மூன்று தடவை மனதில் செய்து பார்த்தேன். மூன்று தடவையும் சரியாக வந்தது.

எழும்பவில்லை.

ஏன் என்று பிறகு எத்தனையோ இரவு பகல் யோசித்திருக்கிறேன். எழும்பினால் ஐந்தாம் குடி மரைக்கார் ‘எங்க செக்கட்டரி?’ என்று கேட்பார். அவருக்குப் பொய் சொல்ல வேண்டும். மெய் சொன்னால் ஏழு குடியையும் மீறி ஒரு பெண்ணை முன்னால் விட்டவன் என்று ஆகும். அது ஒன்று. இன்னொன்று, ராத்தாவின் பெயர் கொழும்புக்குப் போனால், அவளுடைய தம்பி அரச ஊழியன் என்று யாராவது கண்டுபிடிப்பான் என்ற பயம். வேலைநிறுத்தத்துக்குப் போய் வீட்டுக்கு அனுப்பப்பட்ட என் கூட்டாளி ஒருவன் அந்த மாதம் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தான். ஏழு மரைக்கார்மாரின் பெயர் போனால் என் பெயர் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மரியாதை என்று நான் சொல்லிக்கொண்டதில் பாதி இந்தப் பயம்.

மூன்று மணி பஸ் போனது. ஹோர்ன் சத்தம் பள்ளிவாசல்வரை கேட்டது.

செவ்வாய் காலை 7.05க்கு முதலாம் குடி மரைக்கார் வந்தார். சொன்ன சொல் தவறாதவர். இரவோடு பொலி அளந்து, குளித்து, வெள்ளைச் சாரம் கட்டி வந்திருந்தார். முதல் வரியில் வைத்தார். உடனே இரண்டாம் குடி. மூன்றாம் நான்காம் குடி மரைக்கார்மார் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதென்று சமாதானமானார்கள். 8.20க்கு ஏழும் முடிந்தது. அவ்வளவு அழகான மனுவை நான் கண்டதில்லை. அன்று பின்னேரம் கொழும்பில் கந்தோர் மூடும். காரில் பறந்தாலும் இருட்டிய பிறகுதான் அங்கே போய்ச் சேரலாம்.

“பிந்தினா என்ன?” என்றார் முதலாம் குடி மரைக்கார். “ஏழு குடியும் வெச்சிருக்கம். படிக்காமலா விடுவாங்க?”

பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள். முத்திரையை நானே ஒட்டினேன். கந்தோர்க் கவுண்டரில் என்னுடன் வேலை செய்த, எனக்குத் தம்பி வயதுள்ளவன் விலாசத்தைப் பார்த்துவிட்டு, “பெரிய இடத்துக்கெல்லாம் எழுதுறீங்க காக்கா,” என்றான். பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டேன். சில வாரங்களுக்குப் பிறகு இரண்டு வரியில் பதில் வந்தது. காலம் கடந்து கிடைத்ததால் கவனிக்க முடியாது. அந்தப் பதிலில் ஒரு பிழையும் இல்லை. எழுதியவர் தன் வேலையைச் செய்திருக்கிறார்.

அதற்கு முன்னமே சட்டமூலம் நிறைவேறிவிட்டது. வானொலிச் செய்தியில் ஒரு வசனம். காலநிலைக்குச் சற்று முன்னால். சபையில் இருந்த அந்த மனிதர்களுக்கு எங்களை யார் என்று தெரியாது. வீரமுனைக்கு மேற்கே மூன்று ஏக்கர் இருக்கிறது என்று தெரியாது. ஒரு பின்னேரத்தில் கைதூக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். நாட்டில் நடக்கும் ஒரு வழக்கை, சாட்சி சொல்லி முடிந்த வழக்கை, தீர்ப்புக்குக் காத்திருக்கும் வழக்கை, நடுவில் புகுந்து நிறுத்த ஒரு சபைக்கு முடியும் என்றால் அந்த அதிகாரத்துக்கு எல்லை எங்கே இருக்கிறது? எல்லை இருக்கிறது என்று காட்டுவார்கள். ஒரு கிழமை தந்தோமே என்பார்கள். தமிழ்ப் பிரதி எங்கள் கைக்கு வரும்போதே ஒரு நாள் போய்விட்ட கிழமை. ஒழுங்குப் பத்திரத்தில் எப்போது ஏறியது என்று ட்ரங் கோல் போட்டால்தான் தெரியவரும் கிழமை. கொழும்பில் இருப்பவனுக்கு ஏழு நாள், எங்களுக்கு ஐந்து. அவசரச் சட்டமூலம் என்று அமைச்சரவை எழுதிவிட்டால் அதுவும் கிடையாது. நீதிமன்றமே ஒரு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு வர்த்தமானி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இதை எழுதியவர்கள் கல்முனையை வரைபடத்தில் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்த ஐந்து நாளையும் வீணாக்கியவர்கள் நாங்கள். அதை அவர்களுடைய தலையில் போட மாட்டேன்.

வழக்குக் கூப்பிட்ட அன்று ராத்தா நல்ல சீலை கட்டி, முக்காட்டை இழுத்து விட்டு, பின்வாங்கில் இருந்தாள். அவளுக்குச் சட்டம் வந்திருப்பது தெரியும். ஆனாலும் நீதிபதி முன்னால் சாட்சி சொன்ன அதிகாரியின் முகத்தை அவள் கண்டிருந்தாள். அதை மறந்துவிட்டு ஒருவர் தீர்ப்புச் சொல்வார் என்று அவளால் நம்ப முடியவில்லை. நீதிபதி சட்டத்தின் அந்தப் பந்தியை வாசித்தார். சட்டத்தரணி எழும்பி ஏதோ சொல்லப் போனார். “எனக்கு விளங்குது, ஆனா இதுக்கு மேல விசாரிக்க எனக்கு அதிகாரமில்ல,” என்று நீதிபதி சொல்லிவிட்டு, அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம்.

வெளியே விறாந்தையில் ராத்தா சட்டத்தரணியிடம் கேட்டாள்: “இத ஆரும் மறிக்க ஏலாதா ஐயா?”

“இனி ஏலாது அம்மா. அந்த ஒரு கிழமைக்குள்ள மறிச்சுப் பாத்திருக்கலாம். ஒராள் கையெழுத்து வெச்சிருந்தாக் காணும்.”

அவளுக்கு நாங்கள் இதைச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியாது. பள்ளிவாசலால் மனு போகிறது, நீ கவலைப்படாதே என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

“ஒராள் எண்டா? ஆராள்?”

“ஆரும். நீங்களே காணும்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

“நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்ச நான் தம்பி. எனக்குக் கையெழுத்து வெக்கத் தெரியும். பேர்மிட்டில வெச்சிருக்கன். வழக்குப் பேப்பர் எல்லாத்திலயும் வெச்சிருக்கன். ஏன் எனக்கிட்ட கேக்கல்ல?”

“மரைக்கார்மார்…”

“மரைக்கார்மார்ட வயலா அது?”

சட்டத்தரணி கோப்பைக் கட்டுவது போல் குனிந்துகொண்டார். நான் நின்றேன். அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருந்த பதில்கள் எல்லாவற்றையும் மேலே எழுதியிருக்கிறேன். அவள் தனியாகப் பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள்.

காணி போனது. அடுத்த போகத்துக்கு அந்தக் கண்டத்தில் வேறு ஆட்கள் உழுதார்கள். மூத்த மகளைக் கேட்டு வந்தவர்கள் அரைச் சுவரைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறோம் என்று போனார்கள். வரவில்லை. ராத்தா பன் புல்லுப் பாய் இழைக்கத் தொடங்கினாள். என் வீட்டு வாசல்வரை வருவாள், உள்ளே வர மாட்டாள்.

எண்பத்திரண்டின் கடைசியில் அதே நாடாளுமன்றம் தேர்தல் வைக்காமல் தன் ஆயுளை நீட்டிக்கொள்ளப் பார்த்தது. ஆறில் ஐந்து பங்கு இருந்தும் அதை அவர்களால் தாங்களாகச் செய்துகொள்ள முடியவில்லை. மக்களிடம் கேட்டாக வேண்டியிருந்தது. நீட்டலாம் என்றால் விளக்கு, கூடாது என்றால் குடம். ஜும்ஆ முடிந்ததும் எதற்குப் போட வேண்டும் என்று பெரிய ஆட்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். வாக்களிப்புக்கு முதல் நாள் பின்னேரம் ராத்தா என் வாசலில் வந்து நின்றாள்.

“நாளைக்குக் கேக்கிறது என்ன எண்டு சரியாச் சொல்லு. கூட்டாம குறைக்காம.”

சொன்னேன். எலக்சன் இல்லாமல் இன்னும் ஆறு வருஷம் அதே ஆட்கள் இருக்கலாமா என்று கேட்கிறார்கள் என்றேன்.

“இதுக்கு எத்தின பேர் வேணும்?”

“எல்லாரும் போடலாம் ராத்தா. ஆளுக்கு ஒண்டு.”

“எனக்கும் ஒண்டா?”

“ஓம்.”

“ஆரும் வரும்வரைக்கும் காத்திருக்கத் தேவல்லியே?”

“தேவல்ல.”

முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். “அப்ப நான் விடியவே போறன். நீ எனக்கு முன்னால போய் நிக்காத.”